கட்டிலுக்கு அடியில் தைவான்

கடலூர் காரைக்காட்டில் சர்க்கரை உள்ளவர்கள் எல்லாருக்கும் எழிலரசியைத் தெரியும். விடிந்ததும் ஸ்கூட்டியில் வீடு வீடாக வந்து, வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துக்கொண்டு ஓ.டி. என்கிற பழைய டவுனில் மணிக்கூண்டுப் பக்கம் இருக்கும் லேபுக்குப் போகிறவள். ஊசி இறங்குவதே தெரியாது என்று பேர். பயந்த ஆளாக இருந்தால் பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்பாள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள், "ஆச்சுங்க, பஞ்சை அழுத்திப் புடிங்க" என்பாள். பேய், காத்து கருப்பு என்று யாராவது பேசினால் சிரித்துவிட்டு எழுந்து போகிறவள். அவளே ஒரு சனிக்கிழமை பட்டப்பகலில் தன் வீட்டுப் படுக்கையறை வாசலில் நின்றுகொண்டு உள்ளே போகப் பயந்தாள்.

உள்ளே கட்டிலுக்கு அடியில் இருந்தது அவளுடைய தம்பி செம்பியனின் மகள் வெண்மதி. ஏழு வயது. கொஞ்ச நேரம் முன்புவரை கூடத்தில் உட்கார்ந்து கலர் பென்சிலால் மீன் வரைந்துகொண்டிருந்த பிள்ளை. சிப்காட் பக்கமிருந்து சங்கு ஊதியது. ஷிஃப்ட் மாறும்போது ஊதுகிற ஒற்றைச் சங்கு இல்லை. ஆலையில் கேஸ் கசிந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்க்கும் நாளில் ஊதுவார்களே, ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தெரு நாய்களையெல்லாம் ஊளையிட வைக்கிற சங்கு. பிள்ளை பென்சிலைக் கீழே வைத்தது. கத்தவில்லை, ஓடவில்லை. எழுந்து நேராக அறைக்குள் போய், கட்டிலுக்கு அடியில் நுழைந்து, சுவரோரம் குப்புறப் படுத்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்தியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயை அகலத் திறந்தது.

அந்த வாய்தான் எழிலரசியை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அழுகிற வாய் இல்லை அது. சத்தமே இல்லாமல் திறந்து கிடந்தது. நடுவில் ஒருமுறை மூடி, ஏதோ சொல்லிவிட்டு, மறுபடி திறந்துகொண்டது. சொன்னது தமிழ் இல்லை. குரல் பிள்ளையுடையதுதான். ஆனால் அந்த இழுப்பும், ஒரு சொல்லை முடிக்கும்போது வெட்டி நிறுத்துகிற விதமும், ஏழு மாதம் முன்பு செத்துப்போன அதன் அம்மா ஆ-குவே பேசுவது மாதிரியே இருந்தன.

"வெண்மதி... கண்ணு... அத்தைதான் கூப்புடுறேன், வெளிய வாடா."

பதில் இல்லை. சங்கு ஓய்ந்தது. அதற்கப்புறமும் பிள்ளை வரவில்லை. எதற்கோ காத்திருப்பதுபோல அப்படியே கிடந்தது. வெகுநேரம் கழித்துத் தானாகவே ஊர்ந்து வெளியே வந்து, கூடத்தில் உட்கார்ந்து, மீனுக்கு வால் வரைந்தது.

"என்னாடா பண்ண அங்க?"

"ஒண்ணும் இல்ல அத்தை" என்று சுத்தமான கடலூர்த் தமிழில் சொன்னது.

*

ஆ-குவே தைவான்காரி. தைனான் என்கிற ஊர். முழுப்பெயர் வேறு, வீட்டில் ஆ-குவே, நிலா என்று அர்த்தம். குமராட்சிக்கு அந்தாண்டை, கொள்ளிடக் கரையோரக் காலனியில் பிறந்த செம்பியன், சிதம்பரத்தில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு அந்த ஊருக்குப் போனான். போனவன் கல்யாணம் பண்ணிக்கொண்டான். பிள்ளை அங்கேதான் பிறந்தது. நிலாவுக்கு உங்கள் பாஷையில் என்ன என்று ஆ-குவே கேட்டதற்கு அவன் சொன்ன பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். பிள்ளைக்கு நாலு வயதானபோது செம்பியனுக்குச் சிதம்பரம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை கிடைத்து, மூன்று பேரும் அண்ணாமலை நகரில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள்.

வந்த நாளிலிருந்து எல்லாரும் அவளைச் சீனாப் பொண்ணு என்றார்கள். காய்கறி வண்டிக்காரர், பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், செம்பியனோடு வேலை பார்க்கிற பேராசிரியர்கள்கூட. அவள் ஒவ்வொருவரிடமும் நின்று, புருஷனிடம் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வாக்கியத்தைச் சொன்னாள். "நான் சீனா இல்லங்க. தைவான்." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் சொல்லாமல் விட்டதே இல்லை. கீரைக்காரம்மாவிடம் கீரை வாங்குவதை நிறுத்திவிட்டு, சில்லறையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சொல்வாள்.

எழிலரசிக்கு அது அப்போது அதிகப்படியாகத்தான் தெரிந்தது. ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏம்மா, மூஞ்சி ஒண்ணு, எழுத்து ஒண்ணு. அவுங்க சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. இதுக்குப் போயி ஒவ்வொருத்தர்கிட்டயும் மல்லுக்கட்டணுமா?"

 ஆ-குவே பாதித் தமிழிலும் பாதி இங்கிலீஷிலுமாகத் தன் தாத்தா கதையைச் சொன்னாள். பள்ளிக்கூட வாத்தியார். நண்பர்களோடு சேர்ந்து புத்தகம் படித்தார் என்று அந்தக் காலத்து ராணுவ ஆட்சி அவரைப் பிடித்துக்கொண்டு போய், கடலுக்கு நடுவே ஒரு தீவில் ஜெயிலில் வைத்தது. திரும்பி வந்தவர் சாகும்வரை வீட்டில் வாயே திறக்கவில்லை. வீட்டு பாஷையைப் பள்ளியில் பேசியதற்காக அவள் அப்பாவின் கழுத்தில் அட்டை மாட்டி நிற்க வைத்திருக்கிறார்கள். "எங்க வீட்ல எல்லாரும் மெதுவாத்தான் பேசுவாங்க அக்கா. ஜன்னல் மூடிட்டுத்தான் பேசுவாங்க. நான் யாருன்னு சத்தமா சொன்னா, வாசல்ல ஆள் வந்து நிப்பாங்க. என் பொண்ணு அப்படி வளரக்கூடாது."

அதனால்தான் மகளிடம் அவள் வீட்டு பாஷை மட்டுமே பேசினாள். டி.வி.யில் வருகிற பொதுவான சீன மொழி இல்லை. தைனானில் அவள் பாட்டன் முப்பாட்டன் பேசிய பேச்சு. செம்பியனுக்கு அதில் பத்துச் சொல் தெரிந்தால் ஜாஸ்தி. அம்மாவும் மகளும் அதில் பேசிச் சிரிக்கும்போது அவன் என்னவென்று கேட்பான். இரண்டு பேரும் சொல்ல மாட்டார்கள்.

எழிலரசியின் அப்பா காத்தவராயன் அப்போது உயிரோடு இருந்தார். கூலி வேலை பார்த்தவர்தான். ஆனால் வாலிபத்தில் மேடைமேடையாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து பேச்சுக் கேட்டவர். பிள்ளைகளுக்கு எழிலரசி, செம்பியன் என்று பேர் வந்ததெல்லாம் அப்படித்தான். பொங்கலுக்கு ஊருக்கு வந்த மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து விசாரித்தார்.

"உங்களுக்குன்னு கொடி இருக்குதாம்மா?"

"இருக்கு மாமா."

"நோட்டு, காசு?"

"இருக்கு."

"பட்டாளம்? ஓட்டு?"

"எல்லாம் இருக்கு."

"அப்புறம் என்னாதான் இல்ல?"

ஆ-குவே யோசித்தாள். "பேர் இல்ல மாமா. வெளிய போய் எங்க பேரைச் சொன்னா, அந்தப் பேர் சொல்லாதன்னு சொல்வாங்க. விளையாட்டுப் போட்டியில கூட வேற பேர்தான் கொடுப்பாங்க."

காத்தவராயன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். தன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று அடுத்தவன் முடிவு பண்ணிய காலத்தை அனுபவித்தவர் அவர். "நாங்களும் ஒரு காலத்துல தனி நாடு கேட்டவங்கதாம்மா. அப்புறம் விட்டுட்டோம். விட்டதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா கேட்ட வயசு இருக்குதே, அது மறக்காது" என்றார். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அன்று முழுக்க மாமனாரை விட்டு நகரவில்லை.

அடுத்த ஜனவரியில் அவர்கள் நாட்டில் தேர்தல். ஆ-குவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். எழிலரசிக்கு நம்பவே முடியவில்லை.

"ஒத்த ஓட்டுப் போடவா பிளைட் ஏறிப் போற? தபால்ல அனுப்பக் கூடாதா?"

"தபால் கிடையாது அக்கா. நேர்லதான் போகணும். எங்க தாத்தாவுக்கு அந்த ஓட்டே இல்ல. அப்பாவுக்குத் தலை நரைச்சப்புறம்தான் வந்துச்சு. நான் போகலன்னா ஒரு ஆள் குறையும்."

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். அந்த ஆவணியில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். இரண்டாம் நாள் போய்விட்டாள். முப்பத்தேழு வயது. தெரு முனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில் அவள் படத்துக்குக் கீழே ஊர் பேரே போடவில்லை. என்ன போடுவது என்று பேனர் கடைக்காரர் கேட்டபோது வீட்டில் யாருக்கும் பேச வாயில்லை.

அதற்கப்புறம் செம்பியன் அவள் பெயரையே எடுக்கவில்லை. பொங்கல் கழிந்து பிள்ளையைக் கொண்டுவந்து அக்காவிடம் விட்டான். "கொஞ்ச நாள் உங்கூட இருக்கட்டும்க்கா" என்றான். எழிலரசியின் மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். வீட்டில் அவளும், சிப்காட்டில் ஆபரேட்டராக இருக்கும் புருஷன் சபாபதியும்தான். கட்டிலும் இடமும் இருந்தன.

*

இரண்டாவது முறை ஒத்திகைச் சங்கு ஊதியபோது பக்கத்து வீட்டு ராணியம்மாளும் கூடத்தில் இருந்தார். பிள்ளை கட்டிலுக்கு அடியில் போனதையும், வாயைப் பிளந்துகொண்டு கிடந்ததையும், பேசியதையும் குனிந்து பார்த்துவிட்டு, மாரில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எழிலு, இது புள்ள பேசல. அவ ஆத்தாகாரிடி இது. நான் அவகூட ரெண்டு தபா பேசியிருக்கேன். இதே கொரலு."

"சும்மா இரு ராணியக்கா."

"என்னாத்த சும்மா இருக்குறது? வயசுல போனவ. சொந்த ஊரு மண்ணுல போகல. எங்க போவா, பெத்த புள்ளகிட்டதானே வருவா?"

எழிலரசி எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் படுக்கை விரிப்பை மாற்றும்போது பிள்ளையின் தலைமாட்டில் ஒரு சின்னப் பை கிடைத்தது. தண்ணீர் பாட்டில், டார்ச் லைட், விசில், பிஸ்கட் பாக்கெட், ஒரு ஜோடி சாக்ஸ். யாரோ எங்கேயோ கிளம்பப் போகிற மாதிரி. பையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவள் எழுந்து வெளியே போனாள். வாசலில் பார்த்தாள். பிள்ளையின் செருப்பு தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. இத்தனை நாளும் அது அப்படித்தான் இருந்தது, அவள்தான் கவனிக்கவில்லை.

"எங்கடா போகப் போற இந்தப் பையை எடுத்துக்கிட்டு?"

"எங்கயும் இல்ல. அம்மா வச்சிக்கச் சொன்னாங்க."

"எப்போ சொன்னாங்க?"

பிள்ளை அவளைப் பார்த்தது. "எப்பவுமே."

தம்பிக்குப் போன் பண்ணினாள். "வெளையாட்டுக்கா அது. விட்டுடு. அந்த பாஷையெல்லாம் தானா மறந்துடும்" என்றான். குரலில் அவசரம் இருந்தது. வைத்துவிட்டான்.

அப்புறம் எழிலரசிக்கும் வீடு பழைய வீடாக இல்லை. துணி மடிக்கும்போது பின்னால் யாரோ நின்று பார்ப்பதுபோல இருக்கும். பிள்ளை தனியாக விளையாடும்போது அந்தப் பேச்சு காதில் விழுந்தால் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்பாள். ஒரு நோயாளி வீட்டில் நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்திவிட்டாள்.  ஸ்கூட்டியில் திரும்பி வரும்போது, ஆ-குவே, உனக்கு என்னதான் வேணும் என்று வாய்விட்டுக் கேட்டாள்.

கடைசியில் சபாபதிதான் சொன்னார். "ராணியம்மா சொல்ற எடத்துக்குத்தான் ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போயேன். போனா என்ன கொறஞ்சிடப்போவுது?" அவருக்கும் பயம். ஷிஃப்ட் முடிந்து வந்தால் அந்த அறைப்பக்கம் போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் போனார்கள். கடலோரச் சவுக்குத் தோப்புக்குள் ஒரு சின்னக் கோயில். பூசாரி வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார். பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து உடுக்கையை எடுத்தார். எழிலரசி தம்பியிடம் காட்டுவதற்காகப் போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள். உடுக்கைச் சத்தம் ஏறியது. வெண்மதியின் கைகள் மெல்லக் காதுக்குப் போயின. வாய் திறந்தது.

ராணியம்மாள், "வந்துட்டா" என்றார்.

பூசாரி முன்னால் குனிந்தார். "யாரு நீ? எந்த ஊரு? பேரைச் சொல்லு!"

பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தது. தெளிவாக, வகுப்பில் எழுந்து சொல்வதுபோலச் சொன்னது. "குவா சி தாய்-உவான் லாங்."

"யாரு? இன்னொரு தபா சொல்லு!"

"குவா சி தாய்-உவான் லாங்." அதற்கப்புறம் நீளமாக என்னென்னவோ சொன்னது. நடுவில் 'வெண்மதி' வந்தது, 'ஆ-குவே' என்ற பெயர் வந்தது. 'தைனான்' வந்தது. பிறகு எண்கள் மாதிரி ஏதோ. சொல்லி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மூன்றாவது முறை சொல்லும்போது கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

பூசாரி வேப்பிலைக் கொத்தை எடுத்துக் கையை ஓங்கினார். எழிலரசி போனைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். "வேணாங்க. அடிக்காதீங்க. அது பேய் இல்ல. அது... அது அவுங்க ஊரு பேரைச் சொல்லுது."

தோப்பை விட்டு வெளியே வரும்வரை இறக்கிவிடவில்லை. பிள்ளையின் இதயம் அவள் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது.

*

ஆ-குவேயின் தம்பி கியான்-ஹோங் தைனானில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். சாவுக்கு வந்துபோனபோது எழிலரசியிடம் நம்பர் கொடுத்திருந்தான். அவள் பதிவை அவனுக்கு அனுப்பினாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பிள்ளை என்ன சொல்கிறது, தயவுசெய்து சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள்.

அன்று பகல் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டான். கண் வீங்கியிருந்தது. நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் பேசினான்.

"அவள் சொல்வது இதுதான். நான் தைவான்காரி. என் பெயர் வெண்மதி. என் அம்மா பெயர் ஆ-குவே. எங்கள் வீடு தைனானில் இந்தத் தெருவில். என் மாமா கியான்-ஹோங். கடைசியில் சொல்கிற எண், என் போன் நம்பர்."

பிறகு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொன்னான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆகஸ்டில், தைவானே தங்களுடையது என்று சொல்கிற எதிர்க்கரைச் சீனாக்காரர்கள் தீவைச் சுற்றிக் கப்பல் நிறுத்தி ராக்கெட் விட்டார்கள். அக்கா அப்போது நாலு வயதுப் பிள்ளையோடு தைனானில் இருந்தாள். அங்கே வருஷா வருஷம் விமானத் தாக்குதல் ஒத்திகை நடக்கும், சங்கு ஊதும், தெருவில் எல்லாரும் ஒதுங்க வேண்டும். அந்த வருஷத்திலிருந்து அக்கா வீட்டிலும் ஒத்திகை ஆரம்பித்தாள். சங்கு கேட்டால் கட்டிலுக்கு அடியில் போ, ஜன்னல் பக்கம் போகாதே, காதைப் பொத்து, வாயைத் திறந்து வை. குண்டு விழுந்தால் அதிர்ச்சியில் காது கிழியாமல் இருக்க வாய் திறந்திருக்க வேண்டும். அம்மா கைக்கு எட்டாமல் போய் யாராவது அந்நிய ஆள் உன்னைக் கண்டுபிடித்து யார் நீ என்று கேட்டால், இதைச் சொல். வேறு எந்த நாட்டுப் பெயரையும் சொல்லாதே. பை, செருப்பு எல்லாம் அதில் ஒரு பகுதி. சிதம்பரத்துக்கு வந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. போன் ஸ்பீக்கரில் சங்குச் சத்தம் வைத்துப் பிள்ளைக்குப் பழக்கினாள். என்றைக்காவது ஊருக்குத் திரும்பி வருவோம் என்றுதான் இருந்தாள்.

"அதற்காகத்தான் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டோம்" என்றான் கியான்-ஹோங். "அக்கா சொல்வாள், நாம் யாரென்று உலகத்துக்குச் சத்தமாகச் சொல்லணும், இல்லாவிட்டால் நம்மை அழித்தாலும் யாருக்கும் தெரியாது என்று. நான் சொன்னேன், நாம் ஏற்கெனவே நாமாகத்தானே இருக்கிறோம், எதற்குச் சத்தம் போட்டு சீனாவைச் சீண்டணும், வாயை மூடிக்கொண்டு பிழைப்போம் என்று. எங்கள் பெரியப்பா ஷாங்காயில் கடை வைத்திருக்கிறார். அவர் எங்கள் இரண்டு பேரையும் திட்டுவார். தாத்தா மாதிரிப் பேசுகிறாய் என்று அக்கா என்னைச் சொன்னாள். தாத்தா வாயை மூடியதும் பயத்தில்தான், நீ மூடுவதும் பயத்தில்தான் என்றாள். நாலு மாதம் பேசவில்லை. அப்புறம் அவள் செத்துப்போன செய்திதான் வந்தது. ஆனால் பிள்ளைக்கு யார் நம்பரைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், பாருங்கள்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் திரையில் ஒரு சுவர்தான் தெரிந்தது.

எழிலரசி கேட்டாள். "சங்கு நின்னப்புறமும் ஏன் வெளிய வரமாட்டேங்குது? எதுக்கோ காத்துக்கிட்டு இருக்குது."

"ஒத்திகை முடிந்தது, வெளியே வா என்று அம்மா சொல்லணும். அதுவரைக்கும் வரக்கூடாது. அதுதான் சட்டம்."

*

அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பியன் வந்தான். அக்கா சொன்னதை நின்றுகொண்டே கேட்டான். முடிந்ததும் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

"எனக்கு ஒத்திகை தெரியும்க்கா. அந்த ஆகஸ்டுல நானும் அங்கதானே இருந்தேன். காலேஜ் வேலை கெடச்ச உடனே, போதும்டா சாமி, இங்க வேணாம்னுதான் ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு வந்தேன். அவ ஒவ்வொரு மாசமும் கேப்பா, எப்போ திரும்பறோம்னு. என் புள்ளயைக் கொண்டுபோயி குண்டுக்கு அடியில வைக்கச் சொல்றியான்னு கத்துவேன். அவ சொல்லுவா, எல்லாரும் புள்ளயைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டா அப்புறம் அந்த ஊரு யாருதுன்னு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பாஷையை மறந்துட்டா பயத்தையும் மறந்துடும்னு நெனச்சேன்."

"மறக்கலடா. தனியா வச்சிக்கிட்டு இருக்குது."

அவன் அழுதான். சாவுக்கு அழாதவன். உள் அறையிலிருந்து வெண்மதி வந்து அப்பாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தது.

கியான்-ஹோங் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டுக் கேட்டு எழிலரசி 'முடிந்தது, வெளியே வா' என்கிற அந்த இரண்டு சொல்லைப் பழகினாள். ரத்தம் எடுக்கப் போகிற வழியில் ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்ப்பாள். "கை தூ ஆ. சுட் லாய்." எதிரே வருகிறவர்கள் பார்ப்பார்கள்.

ஒத்திகைச் சங்கு என்றைக்கு என்று சபாபதியிடம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டு அன்று லீவு போட்டாள். ஊதியது. பிள்ளை எழுந்து போனது. எழிலரசியும் பின்னாலேயே போய், தொப்பையை இழுத்துக்கொண்டு, முழங்கை சிராய்க்கக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். காதைப் பொத்தினாள். வாயைத் திறந்தாள். பக்கத்தில் பிள்ளை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.

கீழே தூசு வாசம். சங்கு தரை வழியாக விலா எலும்புக்குள் ஏறியது. இந்தக் கடற்கரையில் சுனாமி வந்த நாளில்கூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை. அது வந்தது, போனது. இது வரவே இல்லை. வராமலே ஒரு பெண்ணைத் தினமும் பிள்ளையின் செருப்பைத் திருப்பி வைக்க வைத்திருக்கிறது. தன் முதுகுக்குப் பின்னால், சுவருக்கும் தனக்கும் நடுவில், மூன்றாவதாக ஒருத்தி படுத்திருப்பதுபோல எழிலரசிக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை. பயம் இல்லை, இடித்துவிடக் கூடாதே என்றுதான் இருந்தது.

சங்கு ஓய்ந்தது. அவள் கையை எடுத்துவிட்டுச் சொன்னாள். "கை தூ ஆ. சுட் லாய்."

வெண்மதியின் முகம் வெளுத்துவிட்டது.  தப்புப் பண்ணிவிட்டோமோ என்று எழிலரசி பதறிப்போனாள்.

"அது அம்மா சொல்றது."

"ஆமாண்டா."

"நீ சொல்லக் கூடாது."

"சரி. சொல்லல."

பிள்ளை நெடுநேரம் தரையைப் பார்த்தது. "தப்பா சொல்ற நீ. 'தூ' இப்படிச் சொல்லக் கூடாது. இறங்கி ஏறணும்." சொல்லிக் காட்டியது. எழிலரசி திருப்பிச் சொன்னாள். மறுபடி தப்பு. நாலைந்து தடவை ஆன பிறகு பிள்ளை பெருமூச்சு விட்டு, "பரவால்ல, வா" என்று அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தது. கூடத்து வெளிச்சத்துக்கு வந்ததும் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒன்பது மாதத்தில் முதல் முறையாக, அம்மா வேண்டும் என்று தமிழில் அழுதது.

*

ஜூனில் பிள்ளையைக் கடலூரிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். செம்பியன் சனி ஞாயிறு வந்து தங்குகிறான். பிள்ளையின் தைவான் பாஸ்போர்ட்டை என்ன செய்வது என்று அவன் இன்னும் முடிவு பண்ணவில்லை; பதினெட்டு வயதில் அவளே சொல்லட்டும் என்று மட்டும் ஒருமுறை சொன்னான். சனிக்கிழமை தோறும் கியான்-ஹோங் வீடியோவில் வந்து மருமகளோடு அந்தப் பேச்சில் பேசுகிறான். எழிலரசி ஒரு பக்கம் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்கள் பிடிபடுகின்றன. போனில் தைவான் பெயரோடு செய்தி வந்தால், யார் வீட்டில் ஊசியோடு நின்றாலும் அவள் கண் ஒரு நொடி அங்கே போய்விடுகிறது.

ஜூலையில் கியான்-ஹோங்குக்குப் பட்டாளத்திலிருந்து ஓலை வந்தது. முன்பு ராணுவப் பயிற்சி எடுத்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். முகாமில் போன் பேச முடியாது என்றான். வாயை மூடிக்கொண்டு பிழைப்போம் என்றவன்தான், பச்சைச் சட்டை போட்டு ஒரு படம் அனுப்பியிருந்தான். சட்டை அவனுக்குப் பத்தவில்லை. அந்தச் சனிக்கிழமை போன் வரவில்லை. வராது என்று தெரிந்தும் வெண்மதி போனைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டது.

வஞ்சிர மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் எழிலரசி.

"அத்தை, அங்க நெஜமாவே சண்டை வந்துட்டா, மாமா எங்க ஒளிவாரு? அவருதான் பட்டாளத்துல இருக்காரே?"

எந்தப் பயந்த ஆளிடமும் அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். இப்போது இல்லை. முள்ளைத் தட்டோரம் வைத்தாள்.

"தெரியலடா கண்ணு."

பிள்ளை தலையை ஆட்டியது. "அம்மாகிட்ட கேட்டப்போ அம்மாவும் தெரியலன்னுதான் சொன்னாங்க" என்றது. பிறகு தட்டை அவள் பக்கம் நகர்த்தி, இன்னொரு துண்டு மீன் கேட்டது.